ஐஸ் தண்ணீரில் இருந்த கைகள்

மார்ச் மாதத்தில் ஒரு காலை டேனியல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தான். இரவு ஷிப்ட் முடித்து, ஷேர் ஆட்டோவில் இறங்கி, சந்து முழுக்க அப்படியே நடந்து வந்திருக்கிறான். கதவைத் திறந்த ஸ்டெல்லாதான் முதலில் பார்த்தாள். இடது காலில் செருப்பு இல்லை. குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறி, அதைச் சுற்றி ரத்தம் உறைந்திருந்தது.

"செருப்பு எங்கங்க?"

அவன் குனிந்து தன் காலையே புதிதாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். "ஆட்டோல கழண்டு விழுந்திருக்கும்."

"கண்ணாடி குத்தியிருக்கு. வலிக்கலையா?"

"தூக்கக் கலக்கம், ஸ்டெல்லா. விடு."

அவள் ஊசியால் சில்லை எடுத்தாள். எடுத்து முடிக்கும்வரை அவன் காலை இழுக்கவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. அவள் ஊசியைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். ஆனால் கொண்டாப்பூர் போய்ச் சேரும்வரை அந்த அசையாத கால் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

ஸ்டெல்லா லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா தேவசகாயம் ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வாசலில் தெலுங்கு, கடையில் உருது என்று வளர்ந்தாள். டேனியலைக் கட்டிக்கொண்டு தொழிற்பேட்டைப் பகுதியான பட்டான்செருவுக்கு வந்து பதினொரு வருடம். அவன் ஒரு மருந்து மூலப்பொருள் தொழிற்சாலையில் வாஷிங் செக்ஷனில் இருந்தான். மருந்து தயாரிக்கும் பெரிய கலன்களை ஒவ்வொரு தடவையும் ரசாயனம் ஊற்றித் துடைத்துச் சுத்தம் செய்வது அவன் வேலை. அவள் கொண்டாப்பூரில் ஐ.டி. பெண்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் சமையல். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி வருத்தப்பட்டு முடித்து, இப்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்வதே குடும்பம் என்று ஆகியிருந்தது.

அந்த வருடம் வெயில் முன்னதாகவே வந்துவிட்டது. டேனியலுக்குச் சூடான சாப்பாடே பிடிக்காமல் போயிற்று. சோற்றிலிருந்து ஆவி வந்தால் தட்டைத் தள்ளிவிடுவான். நெஞ்சுக்குள் பெட்ரோல் வாடை ஏறுகிறது என்பான். பாதித் தட்டு சோறு தினமும் மிச்சமாயிற்று.

ஹாஸ்டலில் ரஞ்சனா என்று ஒரு பெண். ஏ.எஸ்.ராவ் நகர்க்காரி. வீடு தூரம் என்று வார நாட்களில் ஹாஸ்டலில் தங்குவாள். அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்கு வந்து குளிரக் குளிரச் சாப்பிடும் ஒரு நூடுல்ஸைச் செய்து காட்டினாள். "அடுப்புப் பக்கம் அஞ்சு நிமிஷம்தான் அக்கா. மிச்சமெல்லாம் பச்சைத் தண்ணி வேலை."

செய்வது சுலபம்தான். நூடுல்ஸை வேகவைத்து வடித்து, மூன்று தடவை தண்ணீர் மாற்றி அலசவேண்டும். வழவழப்பு போகும்வரை கையால் நன்றாகப் பிசைந்து அலசினால்தான் ஒட்டாது. கடைசி அலசல் ஐஸ் தண்ணீரில். வறுத்த வேர்க்கடலையைப் பொடித்து, நசுக்கிய பூண்டு, சோயா சாஸ், எலுமிச்சம்பழச் சாறு, கொஞ்சம் சர்க்கரை, மிளகாய்ப்பொடி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் எல்லாம் கலந்து ஊற்றி, மேலே வெள்ளரிக்காயை மெல்லிசாக நறுக்கிப் போட்டால் முடிந்தது.

ஸ்டெல்லா அன்றே வீட்டில் செய்தாள். டேனியல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். பல நாளுக்குப் பிறகு அவன் வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்து அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் அவள் வேலைக்குப் போகும் நாட்களில் அவனே செய்துகொள்ளப் பழகிவிட்டான்.

ஏப்ரலில் அவன் ஃபோர்க்கை விட்டுவிட்டான். கையிலிருந்து நழுவுகிறது என்று விரலாலேயே அள்ளிச் சாப்பிட்டான். சட்டைப் பித்தான் போட நேரமாயிற்று. ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று ஒரே பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். அவள் பார்ப்பது தெரிந்ததும் கையைக் கீழே இறக்கிவிட்டான். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

மே மாதம் ஒரு மத்தியானம் ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை என்று அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் வந்தபோது டேனியல் சமையலறையில் முதுகைக் காட்டி நின்றிருந்தான். தொட்டிக்குள் பாத்திரம். அதற்குள் இரண்டு கையையும் விட்டு நூடுல்ஸை அலசிக்கொண்டிருந்தான், மெதுவாக, ரஞ்சனா சொன்னபடியே. பாத்திரத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

ஸ்டெல்லாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பக்கத்தில் போய்த் தண்ணீரில் விரலை வைத்தாள். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தண்ணீர்.

"கைய எடுங்க. கைய எடுங்கன்னேன்."

அவன் எடுத்தான். மணிக்கட்டுவரை செக்கச்செவேல் என்று இருந்தது. "வடிச்சுப் பச்சத் தண்ணி ஊத்திட்டேன்னுல்ல நெனச்சேன்," என்றான். அவன் குரலில் வலி இல்லை. சாயங்காலத்துக்குள் விரல்கள் எல்லாம் கொப்புளித்துவிட்டன. அவன் அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாருடைய கையோ போலப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

தொழிற்சாலைக்கு வரும் டாக்டர் சர்க்கரை பார்த்தார். இல்லை. சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். பத்து நாள் லீவு. அந்தப் பத்து நாளும் ஸ்டெல்லா அவனைக் கேள்வி கேட்டபடி இருந்தாள். எப்போதிலிருந்து? கால்விரலில் முதலில் மரத்ததா, கைவிரலிலா? வேறு யாருக்காவது?

"தெரியாது. இதையெல்லாம் போய் யாருட்ட கேக்க? வேலைக்கு லாயக்கில்லன்னு நெனைப்பானுவ."

"நீங்க கேக்க வேண்டாம். ஞாயித்துக்கெழம அவங்கள சாப்பிடக் கூப்பிடுங்க."

மூன்று பேர் வந்தார்கள். ஜெகதீஸ்வரனும் அப்துல் காதரும் டேனியலோடு வாஷிங் செக்ஷனில் ஒரே ஷிப்ட். வேணுகோபால் வயதில் பெரியவர், பேக்கிங் செக்ஷன். கூடத்தில் பாய் விரித்திருந்தாள். நடுவில் ஒரு அகல அலுமினியச் சட்டி, அதில் வேகவைத்த நூடுல்ஸ், மேலே தண்ணீர், ஐஸ் கடையிலிருந்து வாங்கி உடைத்துப் போட்ட ஒரு கட்டி ஐஸ்.

"கடைசி அலசல் மட்டும் பாக்கி. ஆளுக்கொரு கை போட்டுத் தாங்க, நான் சாஸ் கலக்கிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போகாமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

வேணுகோபால் முதலில் கையை விட்டார். உடனே எடுத்துவிட்டார். "ஏம்மா, ஆளக் கொன்னுடுவ போலயே. ஐஸு." கையை வேட்டியில் துடைத்து, கக்கத்துக்குள் செருகிக்கொண்டு சிரித்தார்.

மற்ற இரண்டு பேரும் அலசிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலைப் பேச்சு, கிரிக்கெட், மெட்சல் பக்கம் யாரோ வாங்கிய மனை. ஐஸ் துண்டுகள் சட்டியில் மோதிச் சத்தம் எழுப்பின. ஸ்டெல்லா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம். இரண்டு. மூன்றாவது நிமிடத்தில் ஜெகதீஸ்வரனின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கத் தொடங்கின. அவன் பேச்சை நிறுத்தவில்லை.

"தண்ணி எப்படி இருக்கு, பாய்?" என்று கேட்டாள்.

"சூப்பரா இருக்கு, பாபி," என்றார் காதர். "இந்த வெயிலுக்கு இதமா." அண்ணி என்பதை அவர் உருதுவில் பாபி என்பார்.

வேணுகோபால் சிரிப்பை நிறுத்தினார். காதரின் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டிக்குள் பார்த்தார். டேனியல் கட்டுப்போட்ட கையோடு சுவரில் சாய்ந்திருந்தான்.

ஜெகதீஸ்வரன்தான் முதலில் புரிந்துகொண்டான். கையை மெதுவாக வெளியே எடுத்து, ஒரு ஐஸ் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடினான். ரொம்ப நேரம் மூடியபடியே இருந்தான். "அண்ணி," என்றான் கடைசியில், "எனக்குக் காலு முழங்காலு வரைக்கும் இப்படித்தான் இருக்கு. வீட்ல சொல்லல."

காதர் எழுந்துவிட்டார். "நக்கோ பாபி, இந்த வெளையாட்டு வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்ல." செருப்பை மாட்ட அவருக்கு நான்கு தடவை முயல வேண்டியிருந்தது. சாப்பிடாமலே போய்விட்டார்.

அன்று பேசப்பேசத்தான் விஷயம் வெளியே வந்தது. ஜனவரியிலிருந்து கலன் கழுவப் புது ரசாயனம். நீல டிரம்மில் வருகிறது. அதைத் தொட்டால் ரப்பர் கையுறை ஊதிப் பிசுபிசுத்துப் போகும். அதனால் கையுறை இல்லாமலே வேலை. காற்று இழுக்கும் மின்விசிறி பழுது. ஸ்டெல்லா வேணுகோபாலிடம் டிரம்மில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அவர் தயங்கினார். "என் வேலையும் போயிரும்மா." ஆனால் புதன்கிழமை படம் வந்தது. பாதி கிழித்த சீட்டு. மீதி எழுத்து போதுமாக இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஜலஜா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் படித்தார். டேனியலின் காலில் மின்கம்பி ஒட்டிச் சோதித்த தாளையும் பார்த்தார்.

"ஹெக்ஸேன்," என்றார். "பெட்ரோல் மாதிரி ஆவியாகற ரசாயனம். நரம்ப நுனியிலேர்ந்து தின்னுட்டு வருது. நாளைக்கே அந்த எடத்துக்குப் போறத நிறுத்தணும். இன்னொண்ணும் சொல்லிடறேன். நிறுத்தின பிறகும் ரெண்டு மூணு மாசம் மோசமாத்தான் போகும். அதுக்கப்புறம்தான் திரும்பும். எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. டேனியலும் ஜெகதீஸ்வரனும் வேலையை விட்டார்கள். ஜூலையில் டேனியலின் பாதங்கள் தொங்கிவிட்டன. நடந்தால் முன்பாதம் தரையில் தட்டியது. சுவரைப் பிடித்துக் கழிப்பறைக்குப் போனான். தினமும் காலையில் ஸ்டெல்லா அவன் பாதத்தைக் கண்ணால் சோதித்தாள். அவனுக்குத் தெரியாமல் எது குத்தியிருக்கிறது, எது சுட்டிருக்கிறது என்று. இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல், டாக்டர் சொன்ன அந்த மூன்று மாதம் பொய்யாகிவிடுமோ என்று பயந்தார்கள். அக்டோபரில்தான் கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது. அதற்குமேல் இன்றுவரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

அவள் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருந்தாள். அதிகாரிகள் வந்தார்கள். வருவதற்கு முந்தின நாள் நீல டிரம்கள் லாரியில் ஏறிப் போய்விட்டன என்று வேணுகோபால் போனில் சொன்னார். இரண்டு வாரம் கழித்து வெள்ளை டிரம்கள் வந்தன. வாடை அதேதான் என்றார். வாஷிங் செக்ஷனில் புதிதாக ஆறு பேரைச் சேர்த்திருந்தார்கள்.

நவம்பரில் காதர் வந்தார். வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கலனுக்கு ஏறும் இரும்பு ஏணியில் கால் வைத்தது தெரியாமல் விழுந்துவிட்டாராம். "பாபி, அந்த டாக்டர் பேர் என்ன?" என்று மட்டும் கேட்டார். ஸ்டெல்லா பெயரைச் சொன்னாள். ஹாஸ்டலுக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சோதனை அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் போனைப் பிடிக்க முடியாமல் மடியில் வைத்துக் கட்டைவிரலின் பக்கவாட்டால் தட்டிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா தெலுங்கில் எந்தக் கம்பெனி என்று விசாரித்தாள். அவன் சொன்ன பெயர் வேறு. அவள் கேள்விப்பட்டிராத கம்பெனி. பட்டான்செருவின் மறுகோடியில் இருப்பது.

"வாஷிங்கா?" என்றாள்.

மூன்று பேரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவன் கேட்டான். காதரைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, ஸ்டெல்லா அவர்கள் முன்னால் தரையில் உட்கார்ந்து, டிரம்மில் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் கேட்டாள்.