சூசையண்ணனின் விரல்

சூசையண்ணன் இறந்த செய்தி நம் புகைப்படக்காரர் சங்கத்து வாட்ஸப் குழுவில்தான் எனக்கும் வந்தது. அதற்கு முந்தைய செய்தி, அதிகம் பயன்படுத்தாத ஃப்ளாஷ் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது என்பது. இரண்டுக்கும் சேர்த்து ஒருவர் 'ஓகே' என்று போட்டிருந்தார். பிறகு கூப்பிய கைகள் வரத் தொடங்கின. நான் பல் துலக்கி முடிப்பதற்குள் திரை நிறைந்துவிட்டது. கடைசி ஐந்து மாதத்தில் அவரிடம் வேலை என்று ஒரு கேமரா ஸ்டாண்டைக்கூட நீட்டாத கைகள் அவை. அவற்றில் என்னுடையதும் ஒன்று.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காள்மடத்தில் சாலையோர வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, கேமராவைத் தாங்கித் திருப்பும் ஸ்டாண்டுத் தலைகள், லென்சின் ஃபோகஸ் வளையங்கள், பழைய கேமராக்களின் மடிப்பு பெல்லோஸ்கள் ஆகியவற்றைப் பிரித்து, உப்பும் துருவும் போகக் கழுவி, புது கிரீஸ் வைத்து மூடித் தருவார். கேமராவின் உள்ளே கை வைக்க மாட்டார். "அதுக்கு டாக்டர் மதுரையில இருக்காரு. நான் கை காலுக்கு மட்டும்" என்பார்.

முதல் தடவை நான் அவரிடம் போனது குற்றவாளியாக. இந்தக் கரையில் நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சுற்றாத எதுவும் படகு கிரீஸ் வைத்தால் சுற்றும். கதவுக் கீல், கிணற்று உருளை, தையல் மிஷின் எல்லாவற்றிலும் சோதித்துப் பார்த்துத் தேறிய நம்பிக்கை அது. என் பழைய லென்சின் ஃபோகஸ் வளையம் இறுகிப்போனதும் நானும் அதையே செய்தேன். சித்திரை வெயிலில் கிரீஸ் உருகி உள்ளே இறங்கி, ஒளியை அளந்துவிடும் இதழ்களை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. அண்ணன் பிரித்து, முகர்ந்து பார்த்தார்.

"ஏலே, இது எந்த வள்ளத்து கிரீசு?"

"புதுமடத்து மச்சானோடதுண்ணே."

"வள்ளம் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப அதுலயே விட்டுருக்கலாம்ல."

நான்கு நாள் பெட்ரோலும் பஞ்சுமாக அந்த இதழ்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். அதற்குப் பிறகு என் சாமான் எதுவும் வேறு கைக்குப் போனதில்லை.

ஸ்டாண்டுத் தலையில் அவர் செய்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தலைக்கு உள்ளே இரண்டு உலகம். சுழலும் உருளைக்குத் தேன் போன்ற கெட்டி கிரீஸ் வேண்டும். கேமரா நிதானமாகத் திரும்புவது அதனால்தான். கைப்பிடியை இறுக்கும்போது உருளையின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் தகடு ஒன்று உண்டு. அதில் ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டால் கேமரா நிற்காது. அந்தத் தகட்டை மூன்று முறை துடைத்து, காயவிட்டு, வலது கை மோதிர விரலால் தொட்டுப் பார்ப்பார். கண்ணாடி போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டேன். "கண்ணு, பாக்க ஆசப்பட்டதப் பாக்கும். விரலுக்கு ஆசை கெடையாது" என்றார்.

அவர் இறப்பதற்கு ஐந்து மாதம் முன் கீழக்கரையில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளையின் அத்தாவுக்கு வளைகுடாவில் லீவு கிடைக்கவில்லை. அவர் அங்கிருந்தே பார்ப்பதற்காக ஒரு கேமராவை மேடைக்கு எதிரே நிறுத்தி, இறுக்கிவிட்டு, நான் இன்னொன்றோடு மேடைக்குப் போய்விட்டேன். நின்ற கேமரா, அண்ணன் முந்திய வாரம் மூடிக் கொடுத்த தலைமேல் இருந்தது. மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்கத் தொடங்கியதும் அது மெல்லக் குனிந்தது. அவசரமே இல்லாமல் மேடையை விட்டு, கம்பளத்தை விட்டு, கழற்றிப் போட்ட செருப்புகளில் வந்து நின்றது. துஆ ஓதி முடியும்வரை அங்கேயே இருந்தது.

மறுநாள் அந்த அத்தா பேசினார். "தம்பி, மவன் நிக்காஹைப் பாக்கலாம்னு போனை வச்சுக்கிட்டு உக்காந்தேன். ஊருச் செருப்பெல்லாம் பாத்தேன். மாஷா அல்லாஹ், நல்ல செருப்பு." அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் திருந்தியிருப்பேன். மாறாக, அந்தச் செருப்புக் காட்சியை வெட்டி, 'நிக்காஹுக்கு வந்த கூட்டம். ஸ்டாண்டு சர்வீஸ்: அண்ணன் சூசை' என்று எழுதி நம் குழுவில் போட்டேன். உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாரும் சிரித்தீர்கள். நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். அந்த வாரத்தோடு அக்காள்மடத்துக்கு வேலை போவது நின்றது.

அண்ணன் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "இறுக்கினா நிக்கலயா?"

"நிக்கலண்ணே."

"விரல்ல தெரியலயேப்பா" என்றார். சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்து அவர் மனைவி பிலோமினா மதினி, சர்க்கரை மாத்திரை வாங்க ராமநாதபுரம் வந்தவர், என் ஸ்டுடியோவில் ஏறினார். உட்காரவில்லை.

"அவருக்குச் சக்கர கால்ல ஆரம்பிச்சு விரலுக்கு வந்துருச்சு தம்பி. சுடுசட்டியத் தொட்டாக்கூடத் தெரியல. வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாரு. தெனமும் மேசையத் தொடச்சுட்டு உக்காந்திருக்காரு. தொடச்சதையே திரும்பத் தொடைக்கிறாரு. ஒண்ணே ஒண்ணு குடுங்க."

கொடுத்தேன். நம்மைப் போன்ற நல்லவர்கள் இத்தகைய நேரத்தில் கொடுப்பதைக் கொடுத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அவரே சரிசெய்து, வெண்ணெயாகச் சுழன்றுகொண்டிருந்த ஒரு தலையை எடுத்து, 'ரொம்ப இறுகிப்போச்சு' என்று சொல்லி அனுப்பினேன். கெட்டுப்போன கீழக்கரைத் தலை பின்னால் அலமாரியிலேயே இருந்தது. அதைக் கொடுத்து அவர் மறுபடி தவறினால் என்ன சொல்வது என்ற பயம்.

அடுத்த நாளே கூப்பிட்டார். வேலை முடித்து மூடும்போது, திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை மதினியின் நகப்பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுவது அவர் வழக்கம். இடையில் யாராவது திறந்திருந்தால் கோடு விலகியிருக்கும். நான் அனுப்பியதில் கோடு நேராக இருந்தது.

"இதுல நோவு இல்லையேலே. நல்லா இருக்கவனுக்கு எதுக்கு வைத்தியம்? அந்தக் கீழக்கரைத் தலைய அனுப்பு."

"அடுத்த வாரம் அனுப்புறேண்ணே."

அடுத்த வாரமும் கூப்பிட்டார். முகூர்த்த நாள், வேலை நெருக்கடி என்றேன். இரண்டு வாரம் கழித்து மூன்றாம் முறை கூப்பிட்டபோது திரையில் அவர் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்து ஓய்ந்தது. அதிலிருந்து எட்டாம் நாள் காலையில் நெஞ்சு வலி என்று சொல்லி, ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

அடக்கத்தன்று கோயிலிலிருந்து கல்லறைக்கும், கல்லறையிலிருந்து வீட்டுக்கும் எல்லாரோடும் நடந்தேன். கூட்டம் கலைந்ததும் மதினி நான் அனுப்பிய ஸ்டாண்டுத் தலையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். அண்ணன் அதைத் திறக்கவே இல்லை.

"வீட்ல கெடந்த ஒடஞ்ச ஸ்டாண்டுல ரெண்டு தகட எடுத்தாரு தம்பி. ஒண்ணுல லேசா கிரீசத் தடவித் தொடச்சுருவாரு, இன்னொண்ண சுத்தமா வச்சுருவாரு. என்னைக் கண்ண மூடச் சொல்லி எதுன்னு கேப்பாரு. மொதல்ல எனக்கு ஒரு எழவும் தெரியல. மீன் ஆயுற கைக்கு என்ன தெரியும்னு கேட்டேன். மீன் ஆயுற கைக்குத் தெரியாத வழுக்கலாடின்னாரு. மூணு வாரம் அதே சோலிதான். ஒரு நா, பத்துக்குப் பத்தும் சரியாச் சொல்லிட்டேன். உடனே உங்களுக்குத்தான் போன் போட்டாரு. நீங்க எடுக்கல."

நான் துணியை விலக்கி அந்தக் கோட்டைப் பார்த்தேன்.

"வேலையா இருப்பான், பாவம்னு வச்சுட்டாரு."

முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது கீழக்கரைத் தலையை எடுத்துப் போனேன். வெட்கம் கெட்ட செயல்தான். வேறு வழி தெரியவில்லை. அவர் மேசையில் வைத்து, "மதினி, நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்க, நான் பிரிக்கிறேன்" என்றேன். எனக்குப் பிரிக்கத் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கைப்பிடியின்மேல் விரலை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

"நான் தொட்டுச் சொல்லிருவேன் தம்பி. யாருட்ட சொல்ல?"

அண்ணன் கையால் கோடு போட்டு மூடிய நல்ல தலையையும் கொண்டுபோயிருந்தேன்; அதை மதினியிடமே விட்டுவந்தேன். அது என்னிடம் இருக்கத் தகாது. அவருடையது என்று நான் வைத்திருப்பது, எடுக்காமல் விட்ட அந்த மூன்றாவது அழைப்பு. போனில் அவர் பெயருக்கு நேரே நிற்கிறது. அவர் என்ன சொல்ல இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் வாயால் அதை நான் கேட்கவில்லை.