மல்லாட்டைக்கு விழுந்த சிவப்பு

“...அப்போ காத்தாலேர்ந்து குனிஞ்சிக்கினு நாங்க புடுங்கிட்டு வர்றது இன்னாங்க மிஸ்?”

போன வருடம், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், நான் மாலை வகுப்பு நடத்தும் அறை வாசலில் நின்று ஓர் அம்மா கேட்டது இது. வேலை முடிந்து நேராக வந்திருந்தார். சேலையில் மண் அப்படியே இருந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள்.

விழுப்புரத்தில் ஒரு நாள் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு தொடுதிரை டேப்பும் கொடுத்து எங்களை அனுப்பியிருந்தார்கள். படம் வரும், குழந்தை பேர் சொல்ல வேண்டும். சரியென்றால் நட்சத்திரம், தப்பென்றால் சிவப்புக் குறி. அதுவரை தொண்டை வலிக்கப் பேசிப் பாடம் நடத்தியவள் நான். டேப் வந்த பிறகு சார்ஜ் போடுவதும் நட்சத்திரம் பார்ப்பதும்தான் வேலை. உண்மையைச் சொன்னால், சுகமாகத்தான் இருந்தது.

அந்தக் குழந்தை சேர்ந்து ஒரு மாதமாக வாயே திறக்கவில்லை. முந்தின நாள் ஒரு படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, “மல்லாட்டை!” என்று கத்தினாள். சிவப்பு. இன்னும் சத்தமாகச் சொன்னாள். மறுபடியும் சிவப்பு. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

“தப்பு பாப்பா. நிலக்கடலைன்னு சொல்லு, ஜல்தி” என்றேன்.

என் வீட்டில் நானும் மல்லாட்டை என்றுதான் சொல்கிறேன். அவள் முதன்முதலாகப் பேசியிருக்கிறாள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்த வாரக் கணக்கில் என் வகுப்புக்கு நட்சத்திரம் குறையக் கூடாது, அவ்வளவுதான் மனதில் இருந்தது. அவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

“வூட்டுக்கு வந்து ஒரே அழுவைங்க. எனக்கு ஒண்ணுமே தெரிலம்மான்னு சொல்லுது” என்றார் அந்த அம்மா. மல்லாட்டை தப்பென்றால் தாங்கள் வயலில் பிடுங்குவது என்ன என்று கேட்டதும் அப்போதுதான்.

‘குழந்தை சொன்னது சரிதாங்க்கா, இந்த மிஷினுக்குத்தான் தெரியல’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னதோ வேறு.

“நாம பேசறத இது ஏத்துக்காதுக்கா. நீங்களும் வூட்ல நிலக்கடலைன்னே சொல்லிப் பழக்குங்க.”

திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். “சரிங்க மிஸ், எங்களுக்கு இன்னா தெரியும்” என்றார்.

இப்போதெல்லாம் சிவப்பு விழுந்தால் நான் முதலில் குழந்தையின் முகத்தைத்தான் பார்க்கிறேன். அன்று பார்க்கவில்லை. அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, தெருமுனை திரும்பும் வரைக்கும், “நெலக்கடல... நிலக்கடலை...” என்று முதலில் தான் சொல்லிப் பார்த்து, பிறகு அவளைச் சொல்லச் சொல்லிக்கொண்டே போனார்.