கடைசிப் ‘பந்து வேலை’

எங்கள் எஸ்டேட்டில் பந்தை முதலில் காதால்தான் பார்க்க வேண்டும். ஐப்பசியில் மதியம் திரும்பினாலே மூடுபனி வந்து மைதானத்தை மூடிக்கொள்ளும். மேட்டில் நிற்கிற எங்களுக்கு ஈரப் பந்தில் பூட்ஸ் படுகிற ‘பொத்’ என்ற சத்தமும், யாரோ ஒருவன் இன்னொருவனைத் திட்டுகிற சத்தமும், அதன்பின் விசிலும் கேட்கும். விசில் கேட்டதும் பாதிப் பேர் கோல் என்று குதிப்பார்கள், மீதிப் பேர் ஃபவுல் என்று கத்துவார்கள், பனி விலகி ஆட்கள் நிற்கிற இடம் தெரிந்த பிறகுதான் யார் அழ வேண்டும் என்பது முடிவாகும். பெரும்பாலும் நாங்கள்தான் அழுதோம்.

குமுளியில் பஸ் இறங்கி, ஜீப் பிடித்துத் தேயிலைக்குள் போனால் வருகிற எஸ்டேட் எங்களுடையது. எங்களுடையது என்று சொல்வது வெறும் வாய்ப்பழக்கம். மலை கம்பெனியுடையது, தேயிலை கம்பெனியுடையது, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய ‘லயத்து’ வீடுகளும் கம்பெனியுடையவை. வீட்டில் ஒருவருக்காவது ‘ஸ்திரம்’, அதாவது நிரந்தர வேலை, இருக்கிறவரைக்கும் அந்த வீட்டில் குடியிருக்கலாம். இல்லையென்றால் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான். அங்கே எங்களுக்கென்று சொந்தமாக இருந்தது அந்தப் பந்து டீம் மட்டும்தான், அதனால்தானோ என்னவோ அதன்மேல் அத்தனை வெறி.

நான் சிறுமியாக இருந்தபோது கம்பெனி ஆள் எடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தது. வயதானவர்கள் ஓய்வு பெறப் பெற, அவர்கள் இடத்தில் ‘டெம்பரரி’ ஆட்களை வைத்துக் கொழுந்து பறித்தார்கள். ஆனால் எஸ்டேட் மேனேஜரான பெரிய துரை பந்துப் பைத்தியம். எஸ்டேட்டுகளுக்குள் நடக்கும் கோப்பைக்காக வருடம் ஒரு ஸ்திரம் வேலையை டீமுக்கென்று ஒதுக்கித் தருவார். அதை எந்த ஆட்டக்காரனுக்குக் கொடுப்பது என்று கமிட்டி கூட்டம் போட்டுக் கேட்கும், ஸ்திரம் உள்ளவர்களும் ஆட்டக்காரர்களும் கை தூக்குவார்கள். வேலை கிடைத்தவன் பகலில் ஃபாக்டரியிலோ காட்டிலோ நிற்க வேண்டும், சாயங்காலம் மைதானத்தில் நிற்க வேண்டும். இதற்கு எங்கள் ஊரில் ‘பந்து வேலை’ என்று பேர்.

வருடத்துக்கு ஒரே ஒரு ஆள் என்பதால் அவன் யார் என்ற சண்டை வருடம் முழுக்க ஓடியது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் முதுகுச் சாக்கை இறக்காமலேயே பெண்கள் சண்டை போட்டார்கள். குழாயடியில் போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிற ஜீப்பில் போட்டார்கள். கோழிக்கோட்டுப் பக்கமிருந்து, பின்னால் நின்று தடுக்கிற ‘பேக்’ ஒருவன் வந்தான், ஆள் மலைபோல இருந்தான், குளிர் தாங்காமல் டீம் வாங்கிக் கொடுத்த கம்பளியோடு ஒரே வாரத்தில் ஓடிப்போனான். கம்பத்திலிருந்து வந்த ஒரு விங்கர் முதல் ஆட்டத்திலேயே முட்டியை உடைத்துக்கொண்டு, அப்புறம் காலமெல்லாம் ஆபீஸ் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தான்; அவனைக் கொண்டுவரச் சொன்னது யார் என்று கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள்.

இந்தச் சண்டையில் எல்லோரும் பயந்த ஒரு வாய் உண்டென்றால் அது என் அப்பாவுடையது. ஃபாக்டரி மாடியில் இலையைப் பரப்பி வாட வைக்கிற வேலை அவருக்கு. வீட்டில் உப்பு குறைந்தால்கூடச் சொல்லத் தெரியாத மனிதர், பந்து என்று வந்துவிட்டால் வக்கீலாகிவிடுவார். அவருடைய கட்சி ஒன்றேதான். “கோலடிக்கிறவன வெளிய இருந்து கொண்டாங்க. தடுக்கறதுக்கு நம்ம பயலுவ போதும். தடுக்கறதுக்குப் போயி யாராச்சும் வேல குடுப்பானா?” இதை அவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் எஸ்டேட் முழுக்க அதுவே சட்டம்போல ஆகிவிட்டது. எனக்கே மனப்பாடம்.

என் அண்ணன் முருகேசன் எங்கள் டீமின் இடது பேக்.

அண்ணனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஆசைதான், ஆனால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேகம் கிடையாது. கோல் அடித்ததே கிடையாது. பனிக்குள் எதிராளி எங்கே வருவான் என்று எப்படியோ அவனுக்குத் தெரியும், அங்கே போய் நின்றுகொள்வான், அவ்வளவுதான். மேட்டில் யாரும் அவன் பேரைச் சொல்லிக் கத்தியதில்லை. பகலில் குமுளியில் ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கிவிட்டு, ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க மைதானத்தில் இறங்குவான். அவன் சட்டையில் எப்போதும் ஏலக்காய் மணக்கும்.

அப்பாவுக்கு ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லாத நேரத்தில், பெரிய துரை மாற்றலாகிப் போகப்போவதாகவும், பந்து வேலை இதுதான் கடைசி, இனி எந்தப் பேரிலும் ஸ்திரம் கிடையாது என்றும் ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. அம்மாவுக்கு டெம்பரரி வேலைதான். அப்பா இறங்கினால் வீடு போகும். அண்ணனுக்கு அந்த வேலை கிடைத்தால் வீடு நிற்கும். கணக்கு இவ்வளவு சுலபமானது, ஆறாவது படித்த எனக்கே புரிந்தது.

டீம் செக்ரட்டரி தாசன் டிஸ்பென்சரியில் வேலை பார்த்தவர், நல்ல மனிதர். அவரே வீட்டுக்கு வந்து, கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு, “அண்ணாச்சி, கடைசி வேலை. நம்ம முருகேசனுக்கே குடுத்துருவோம்னு கமிட்டில பேசிட்டோம். நீங்க மீட்டிங்ல ஒண்ணும் சொல்லண்டாம், சும்மா இருந்தாப் போதும்” என்றார். அப்பா தலையை ஆட்டினார். அது சரி என்பதா, யோசிக்கிறேன் என்பதா என்று தெரியவில்லை. தாசன் போனதும் அம்மா அப்பாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். “இந்தாருங்க. ஒங்க வாயில நல்லது வரலைன்னாலும் பரவாயில்ல. அன்னைக்கு மட்டும் மூடிக்கிட்டு இருங்க.”

அதற்குள் கதிர்வேல் வந்துவிட்டான்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே நல்லேப்பிள்ளி பக்கம் வயல்காட்டில் பந்து விளையாடி வளர்ந்தவன். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, ஒரு பையோடு டெஸ்ட் கொடுக்க வந்து நின்றான். மைதானத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அப்பாவிடம், “ஏனுங்கண்ணா, இங்க எப்பவுமே இப்பிடித்தான் மூடிக்கிட்டுக் கெடக்குமுங்களா?” என்று கேட்டான். அந்த ‘ங்க’வைக் கேட்டு மேட்டில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. பனிக்குள்ளிருந்து ‘பொத்’ என்ற சத்தம் கேட்கும், அடுத்த நொடி கோல்கீப்பர் கெட்ட வார்த்தை சொல்வது கேட்கும். திரும்பவும் அதே. அன்றைக்கு அவனைத் தடுக்க நின்றவன் என் அண்ணன்தான், அவனாலும் முடியவில்லை. பந்து தெரிந்த யாரும் கதிர்வேலைத்தான் எடுப்பார்கள், கொடுமையே அதுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவும் அண்ணனும் அவனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அம்மா முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

கூட்டம் கிளப் ஷெட்டில் நடந்தது. அம்மாவுக்குக் கை தூக்கும் உரிமை இல்லாததால் மற்ற டெம்பரரிப் பெண்களோடு ஜன்னலுக்கு வெளியே நின்றாள், நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாசன் சொன்னபடியே அண்ணன் பேரைச் சொன்னார். இரண்டொருவர் ‘சரிதான், சரிதான்’ என்றார்கள். வீடு போகப்போகிற குடும்பம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் எதிர்த்துப் பேசப்போவதில்லை. முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்பா எழுந்தார்.

“என்ன பேச்சுப் பேசுதீய? எம் மவன்னு பாத்துக் குடுக்கீயளா? அப்ப இத்தன வருசமா நான் கத்துனதெல்லாம் அடுத்தவன் மவனுக்குத்தானா? கடைசி வேலை. அப்படின்னா கடைசிக் கப்பு. அந்தப் பாலக்காட்டுப் பய இருந்தா ஜெயிக்கலாம், இல்லன்னா எப்பவும்போல அழுதுட்டுப் போகலாம். பேக்குக்கு வேலை குடுத்து எவன் ஜெயிச்சான்? நீங்களே சொல்லுங்க.” அவர் பேசியதில் பொய் ஒன்றுமில்லை. தனக்காக ஒன்று கேட்டுப் பழகாத மனிதர், பிறர் தாமாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளவும் கூச்சப்பட்டு, அந்தக் கூச்சத்துக்குப் பந்தைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

கதிர்வேலுக்கு யார் யார் என்று தாசன் சுரத்தில்லாமல் கேட்டார். ஷெட்டில் ஒரு கைகூட எழவில்லை. அப்புறம் பின்னால், சுவரோரம், ஒரு கை எழுந்தது. என் அண்ணனுடையது. அப்பாவின் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், அவனுக்கும் வேறு பதில் தெரியாது. அவனே தூக்கிய பிறகு மற்றவர்களுக்கு என்ன வந்தது? வரிசையாகத் தூக்கினார்கள். அம்மா என் கையை உதறிவிட்டு லயத்தைப் பார்த்து நடந்தாள். அன்றைக்கு அவள் அழவில்லை, சமைக்கவும் இல்லை.

அடுத்த மாதமே மாமா வந்து அண்ணனைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாதான் சொல்லி அனுப்பியிருந்தாள். கம்பம் இறங்குகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அண்ணன் என்னிடம், அப்பாவிடம் கதிர்வேலை நடுவில் போடாமல் வலதுபக்கம் போடச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போனான். தடுப்பதற்கு நம்ம பயல்கள் போதும் என்று அப்பா கத்திக்கொண்டே இருந்த வருடங்களில், அந்தப் பயல்கள் ஒவ்வொருவராக மலை இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா அதைக் கணக்கில் வைக்கவே இல்லை, யாருமே வைக்கவில்லை.

கடைசி ஆட்டம் வரை போனோம். கதிர்வேல் அழகாக இரண்டு கோல் அடித்தான். எங்களுக்கு மூன்று விழுந்தது, மூன்றும் இடதுபக்கத்தில் ஆள் இல்லாத வழியாக வந்தது. அன்றைக்குப் பார்த்து மூடுபனியும் இல்லை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. “முருகேசன் நின்னுருந்தா...” என்று யாரோ ஆரம்பித்து, அப்பா பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அப்பா கூட்டம் கலைந்த பிறகும் மேட்டிலேயே நின்றார். நான் போய்க் கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தார், என்னை யாரென்றே தெரியாதவர்போல இருந்தது அவர் முகம்.

சித்திரையில் வீட்டைக் காலி செய்தோம். ஸ்திரம் வேலைக்காரன் என்ற முறையில் அந்த வீடு கதிர்வேலுக்கே ஒதுக்கப்பட்டது. அவன் அன்று வேலைக்குப் போகாமல் வந்து, எங்கள் கட்டிலையும் பாத்திர மூட்டைகளையும் ஜீப்பில் ஏற்றினான். அம்மா முன்னால் வந்து நின்றபோது, “ஊட்டை நல்லாப் பாத்துக்கறேனுங்க, அக்கா” என்று மட்டும் சொன்னான். அம்மா சாவியை அவன் கையில் கொடுத்தாள். ஜீப் கிளம்பும்போது அப்பா தலையை வெளியே நீட்டி, “ஏலே கதிரு, எடது காலையும் பழக்கு. ஒத்தக் காலை வச்சே எத்தன நாளு ஓட்டுவ?” என்றார். எனக்கு ஜீப்பிலிருந்து குதித்துவிடலாம்போல இருந்தது.

இப்போது அங்கே டீம் கிடையாது, பந்து வேலை கிடையாது. போன வருடம் போயிருந்தேன். மைதானத்தில் ஒரு ரிசார்ட்டுக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. எங்கள் வரிசையில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை, கம்பெனி சம்பளத்தை இழுத்தடித்தபோது கதிர்வேலும் ஊருக்குப் போய்விட்டானாம். தாசன் இல்லை. அந்தக் கோப்பையை யார் கடைசியாக ஜெயித்தார்கள் என்று கேட்டேன், அங்கே நின்றிருந்த யாருக்கும் தெரியவில்லை.

அப்பாவும் அம்மாவும் கம்பத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள், வீட்டுக்காரர் சொல்லும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அண்ணன் இன்னும் திருப்பூரில் பனியன் கம்பெனியில்தான், அங்கேயும் ஸ்திரம் ஆகவில்லை. தினமும் அப்பாவுக்குப் போன் செய்வான். தன் முதுகுவலி, பிள்ளைகளின் படிப்பு எதுவும் அந்தப் பேச்சில் வராது. டிவியில் வருகிற ஒரு பெரிய டீமை இருவரும் பிடித்துவைத்திருக்கிறார்கள், அந்த டீம் யாரை வாங்க வேண்டும், யாரை விற்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது போன் வந்தது. அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டதால் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார், வீட்டுக்கே கேட்டது. “எடது பேக்க வித்துட்டானுவப்பா. அந்தக் காசுல வெளிநாட்டுலேர்ந்து ஒரு ஃபார்வர்டக் கொண்டாறானுவ.” அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “சரியாத்தான் பண்ணிருக்கான். கோலடிக்க ஆளு வேணும்லா.” அந்தப் பக்கம் அண்ணன், “ஆமாப்பா, அதான் சரி” என்றான்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிர்ந்தாள். அத்தனை வருடங்களில் இந்தப் பேச்சுக்குள் அவள் வந்ததே இல்லை. போன் இருந்த பக்கம் பார்த்து, யாரையும் குத்தாத குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாகக் கேட்டாள்.

“வித்துட்டா, அந்தப் பய குடியிருக்க எங்கய்யா போவான்?”

அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் இணைப்பில்தான் இருந்தான், அவன் பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.