மரப்பலகையில் அடித்த எர்த்து

ஊர்வல வண்டி என்றாலே எனக்கு இன்றும் குமட்டும். சாமியின் மேல் கோபமில்லை. வண்டியை அலங்கரிக்கிற ஆட்களைத்தான் பிடிக்காது. அறுபதுகளில் ஓர் ஆடி மாதம், அவர்கள் அழகு பார்த்ததில் என் தங்கையின் உயிர் போகப் பார்த்தது.

தாராவியில் குடியிருந்துகொண்டு மாட்டுங்காவில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்தேன். அதனால் அம்மன் ஊர்வலத்துக்கு லாரியில் மைக் செட் கட்டுவது வருஷா வருஷம் என் தலையில் விழும். பாடுவது என் தங்கை. ஓடுகிற லாரியில் வீட்டுக் கரண்டு ஏது? பாட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியைக் கடையிலிருந்து தூக்கி வருவேன். இன்றைக்கு வீட்டுக்கு வீடு இருக்கிற சாமான்தான். அன்று அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். பெட்டியை டிரைவர் பக்கத்தில் இறுக்கிவிட்டு, பின்னால் பலகைமேல் ஆம்ப்ளிஃபயரை வைப்பேன்.

அதில் எர்த்துதான் முக்கியம். ஆம்ப்ளிஃபயரின் தகர உடம்பிலிருந்து ஒரு தடித்த ஒயரை எடுத்து லாரியின் இரும்புச் சட்டமான சேஸியில் போல்ட் போட்டு முடுக்கவேண்டும். பெயின்ட்டின்மேல் முடுக்கினால் பிரயோசனமில்லை. சுரண்டி வெறும் இரும்பு தெரியவேண்டும். அப்படிச் செய்தால் மழையில் உள்ளே எங்காவது கரண்டு கசிந்தாலும் அந்த ஒயர் வழியே இரும்புக்குப் போய்விடும், மைக் பிடித்தவரை ஒன்றும் செய்யாது. பம்பாய் ஆடி மழையைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

எல்லாம் கட்டி, ஒரு கையில் மைக்கும் மறு கையில் லாரிக் கம்பியுமாக நானே நின்று சோதித்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வண்டி முழுக்க வேப்பிலையும் வாழையும் கட்டி மூடியிருந்தார்கள். ஊர்வலம் கிளம்பியது.

சயான் பக்கம் திரும்புகையில் மழை பிடித்துக்கொண்டது. நான் முன்னால் டிரைவரோடு இருந்தேன். பாட்டு பாதியில் நின்று, ஸ்பீக்கரில் உறுமல் மட்டும் கேட்டது. கூடவே, "ஆத்தா வந்துட்டா! அருள் வந்துட்டு!" என்று கூட்டத்தின் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு கையில் மைக், மறு கையில் கம்பி. என் தங்கை விறைத்து நடுங்கிக்கொண்டிருந்தாள். உடுக்கை அடிக்கிறார்கள், குலவை போடுகிறார்கள். ஊர்வலக் கமிட்டித் தலைவர் ஒரு குடம் மஞ்சள்தண்ணீரை எடுத்து அவள் தலையில் கொட்டுகிறார்! கரண்டு பிடித்தவள் தலையில் தண்ணீர்!

"கரண்டு! கரண்டு!" என்று அலறியபடி பாட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். அவள் துணி மாதிரி சரிந்தாள். "ஆத்தா மலையேறிட்டா" என்று ஒருவர் கற்பூரம் காட்டினார். த்தூ என்று துப்பத் தோன்றியது.

அவளைத் தூக்கிக் கீழே படுக்கவைத்து மூச்சைப் பார்த்தேன். இருந்தது. பிறகு வேப்பிலையைப் பிய்த்தெறிந்து பார்த்தால், சேஸியில் நான் சுரண்டிய இடத்தில் பளபளவென்று புது மஞ்சள் பெயின்ட். ஒயரின் நுனி மரப்பலகையில் ஆணியடித்துக் கிடந்தது.

"யார் பாத்த வேல அண்ணாச்சி இது?"

தலைவர் கூச்சமே இல்லாமல் சொன்னார். "நாந்தாம்ல. ஆத்தா ஏறுத வண்டியில தோலு உரிஞ்ச மாதிரி அசிங்கமா கெடந்துச்சு. ஒயரு இரும்புல இருந்தா என்ன, மரத்துல இருந்தா என்ன? எங்கயாவது தொட்டுக்கிட்டு இருந்தா போதாதா?"

"அவ செத்திருப்பா."

"வாயக் கழுவுல. ஆத்தா எறங்குனத கரண்டுங்கியே."

தங்கையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். அருவருப்பில் வாயெல்லாம் கசந்தது.

மறுநாள் காலையில் தலைவர் நாலைந்து பேரோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் தேங்காய் பழத் தட்டு. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். குறி கேட்க வந்திருந்தார். உள்ளங்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுச் சுவரில் சாய்ந்திருந்த தங்கையின் முன்னால் தட்டை வைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆத்தா உங்கிட்ட என்ன தாயி சொன்னா?"

அவள் அவரையே பார்த்தாள்.

"ஆத்தா ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. காப்பாத்துங்கன்னு நாந்தான் கத்தப் பாத்தேன். சத்தம் வரல. நீங்கல்லாம் என்னயப் பாத்துக் கும்புட்டுக்கிட்டு நின்னிய."

தலைவர் கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.