நேரலையில் அக்காவின் முகம்

அக்கா செடெனாக்கில் இறந்துபோனபோது நான் ஜொகூர் பாருவில், உடைந்த காலில் கம்பி வைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். காரில் போனால் முக்கால் மணி நேரம். டாக்டர் விடவில்லை.

எங்கள் வழக்கத்தில், பிறந்த வீட்டு ஆள் முகம் பார்க்காமல் பெட்டியை மூடமாட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது நான் ஒருவன்தான். கோடிச் சேலையை என் மனைவி கொண்டுபோய்ப் போர்த்திவிட்டாள். நான் முகம் பார்க்க அக்கா மகன் ஒரு வழி செய்தான்: தன் கைப்பேசியில் நேரலை.

முதலில் படம் நன்றாகத்தான் வந்தது. பிறகு மங்கத் தொடங்கியது. லைன் மெலிந்தால் இந்த நேரலை நிற்காது. தெளிவைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். யார் கண்டுபிடித்த புத்திசாலித்தனமோ! லைன் ஏன் மெலிந்தது என்பதும் படத்திலேயே தெரிந்தது. பந்தலில் இருந்த சொந்தங்கள் அத்தனை பேரும், பத்தடி தள்ளிக் கிடக்கும் அக்காவை விட்டுவிட்டு, தாங்கள் படத்தில் வருகிறோமா என்று அதே நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் அந்த வீட்டு வைஃபை ஒன்றுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'எல்லாரும் போனை மூடுங்க' என்று கீழே எழுதினேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து அதை மேலே தள்ளிவிட்டன. அக்கா மகனைக் கூப்பிட்டால் நேரலை அறுந்துவிடும். மனைவியின் போன் அடித்து ஓய்ந்தது. அக்காவின் கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். அவர் என் அழைப்பை வெட்டிவிட்டு மறுபடி நேரலைக்குள் குனிந்தார். அதையும் நான் பார்த்தேன்.

அக்கா மகனின் கைப்பேசி பெட்டியருகே போனது. அக்கா முகம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் பழுப்புமாகச் சில கட்டங்கள். மூக்குத்தியாவது தெரியுமா என்று என் போனைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. குரல் மட்டும் சுத்தமாக வந்தது.

"மாமா, அம்மா முகம் தெரியுதா? எழுதுங்க மாமா, நான் பாக்குறேன்."

பின்னால் யாரோ சொன்னார்: "டைம் ஆச்சுலா. மழை வேற வருது."

எல்லாரையும் போனை மூடச் சொல் என்று எழுத ஆரம்பித்தேன். அதற்குள் அவன் குரல் உடைந்துவிட்டது.

"சீக்கிரம் மாமா. என்னால இப்படிப் புடிச்சுக்கிட்டு நிக்க முடியல."

எழுதியதை அழித்தேன். 'தெரியுது' என்று அனுப்பினேன்.

"மாமா பாத்துட்டாராம்," என்றான். "மூடிறலாம்."