அண்ணாவைக் கரை சேர்த்தவர்கள்

பம்பாய் மாதுங்காவில் நல்லவர்கள் அதிகம். அறுபதுகளில் எங்கள் தலைவலியே அதுதான்.

அண்ணாவுக்கு அப்போது முப்பது வயது. பிறவியிலேயே குரோமோசோம் ஒன்று கூடுதல் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இதயத்திலும் கோளாறு. பேச்சு குழறும், நடை மெதுவு. ஆனால் முறுக்கை டின்னில் அடுக்கினால் ஒன்றுகூட உடையாது. அதைப் பார்த்துத்தான் தாராவி முறுக்குக் கம்பெனி முதலாளி வேலை தந்தார். "தனியா வரணும்மா. கூட ஆளு நின்னா சரிப்படாது."

ஒரு மாதம் வழி பழகினோம். ஸ்டேஷன் பாலம், ஈரானி ஓட்டல், லாரி ரோடு, எதிரே முறுக்குக் கம்பெனி ஷெட். வெயிலில், தூறலில், அவன் முன்னால், நான் பின்னால்.

தனியாக அனுப்பிய முதல் நாள், அரை மணியில் திரும்பினான், அடுத்த பில்டிங் மாமாவின் பிடியில். "பாலத்துல தன்னந்தனியா நிக்கறான்! நல்ல வேளை, நான் பார்த்தேன்." அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். மறுநாள் பூக்கடைக்காரர் கூட்டிவந்தார். அவருக்கும் காபி. மூன்றாம் நாள் பஜனை மாமி: "பெத்தவாளுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமோ?" காபியோடு பிஸ்கட்.

பெரியவர்கள் கையைப் பிடித்தால் உதறக் கூடாது என்று அண்ணாவைப் பழக்கியதும் நாங்களேதான். யாரை நோவது!

"அம்மா, அவன் தொலைஞ்சு போகலை, வேலைக்குப் போறான்! நீ காபி கொடுத்தே கெடுக்கறே!"

"வாசல் வரைக்கும் வந்தவாளை வெறுமனே அனுப்பச் சொல்றியா?"

முதலாளி சொல்லியனுப்பினார்: "திங்கக்கெழமையும் வரலேன்னா வேற ஆளப் போட்டுருவேன். கோவிச்சுக்கிடாதிய."

ஞாயிறு முழுக்கப் படியேறினேன், படியிறங்கினேன். வீடு வீடாக ஒரே பாட்டு: "அவனைப் பிடிக்காதீங்கோ." பாவம் என்றார்கள். கல்நெஞ்சு என்றார்கள். சரி என்றும் சொன்னார்கள்.

திங்களன்று இருபதடி விட்டுத் தொடர்ந்தேன். மாமா பேப்பருக்குள் முகம் புதைத்துக்கொண்டார். பூக்கடைக்காரர் வெறும் சலாம் வைத்தார். பாலம் தாண்டினான், ஓட்டல் தாண்டினான். லாரி ரோட்டில் நின்று, சொல்லிக்கொடுத்தபடி இரண்டு பக்கமும் பார்த்தான். பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு லாரி அலறியது. எப்படி ஓடினேனோ, அவன் மணிக்கட்டு என் கையில்.

"விடு," என்றான். "நீ வந்தா வேலை போயிடும்."

விடவில்லை நான். உதறினான். காத்திருந்து, தன் நிதானத்தில் ரோட்டைக் கடந்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து முதலாளியின் குரல் வந்தது: "என்னல, அஞ்சு நிமிசம் லேட்டு?"

"என் தங்கை பிடிச்சுண்டுட்டா," என்று அண்ணா புகார் சொன்னது ரோட்டின் இந்தப் பக்கம் வரை கேட்டது.