கட்டை விரல் பக்குவம்

2019 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. அன்று காலை 4.50க்கு எழுந்தேன். 5.15க்குப் பால் வாங்கி வந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் ஆறு மணி வரை தொட்டியையும் குடங்களையும் நிரப்பினேன். 8.40க்கு ஸ்கூட்டரை எடுத்து, 8.55க்குப் பள்ளியில் கையெழுத்துப் போட்டேன். திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். இருபத்தெட்டு வருடமாக விடாமல் டைரி எழுதுகிறேன். அதனால்தான் நேரம் உட்பட எல்லாவற்றையும் சொல்ல முடிகிறது.

பகல் 1.10க்குச் சாப்பிட்டு முடித்து, கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறந்தேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எழுதியிருந்தது. கார் பின்சீட்டில் குழந்தையை உட்கார வைத்து வார் மாட்டும் அவர்களது இருக்கைகளில், வாரைப் பூட்டும் பக்கிளில் பழுது இருப்பதாகத் தெரிய வந்திருக்கிறது. திடீர் பிரேக் போட்டால் வார் கழன்றுவிடலாம். உடனே உபயோகத்தை நிறுத்துங்கள் என்று இருந்தது.

அந்த இருக்கை எங்கள் வீட்டுக்கு வந்தது 2015இல். மஸ்கட்டில் வேலை பார்த்த என் மைத்துனர், என் மகளுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது வாங்கி வந்தார். பெட்டிக்குள் ஒரு பதிவு அட்டை இருந்தது. அதை நிரப்பி அனுப்பிய என்னை வீடே கேலி செய்தது. பேரனை அதில் வைத்து மதுரையிலிருந்து கூட்டி வந்த முதல் பயணம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். கண்ணாடியில் அவன் தலை சாய்வதைப் பார்த்துப் பார்த்து, அப்போது எங்களிடம் இருந்த பழைய காரை நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். பிறகு இருக்கையின் நீலத் துணியில் அவன் கடித்து ஓட்டை போட்ட இடத்தில், என் மனைவி ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஒட்டுத் துணி வைத்துத் தைத்தாள். பேரன் வளர்ந்ததும் இருக்கை தம்பி மகள் வீட்டுக்குப் போனது. எங்கள் பக்கம் தொட்டிலும் நடைவண்டியும் வீடு வீடாகப் போவதுபோல இதுவும் போனது. அதில் உட்கார்ந்த பிள்ளை அழாமல் வருகிறது என்று 'ராசியான சீட்டு' என்ற பெயர் வேறு.

ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் தம்பி மகளுக்குப் போன் போட்டேன்.

"பெரியப்பா, அது எங்கிட்ட இல்லையே. போன வருசமே ஒட்டன்சத்திரத்துல எங்க நாத்தனாருக்குக் குடுத்துட்டேன். எதுக்கு, அடுத்த பேரனா?" என்று சிரித்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. நாத்தனாரின் எண்ணைக் கொடுத்தாள். அந்தப் பெண்ணும் இருக்கையைக் கைமாற்றியிருந்தாள். தன்னோடு வேலை பார்க்கும் ஆயக்குடிக்காரி ஒருத்திக்குக் கொடுத்து இரண்டு மாதம் ஆயிற்றாம்.

"ஐயோ, இன்னைக்கு அவ லீவுங்க. புள்ளைக்கு ஊசி போட திண்டுக்கல்லுக்குத்தானுங்க வந்துருக்கறா. அந்தச் சீட்டுல வெச்சுத்தான் கூட்டிட்டு வந்திருப்பாங்க."

ஆயக்குடிப் பெண்ணின் எண்ணுக்கு ஆறு முறை அடித்தேன். எடுக்கவில்லை. தலைமையாசிரியையிடம் இரண்டு பாடவேளைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு, நாத்தனார் சொன்ன குழந்தை மருத்துவர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனேன். டோக்கன் எழுதும் பெண், "இப்பத்தான் சார் கெளம்புனாங்க. செத்த நேரம் முன்னாடி வந்திருந்தா புடிச்சிருக்கலாம்" என்றாள். மணி 2.05.

பழனி சாலையில் நான் அன்று ஓட்டிய வேகத்தை டைரியில் எழுதவில்லை. எதிரே லாரி வரும்போதெல்லாம், எங்கோ முன்னால் ஒரு கார் பிரேக் போடுவதாகத் தோன்றியது. ரெட்டியார்சத்திரத்துக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடையில் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. பின்கண்ணாடி வழியாக அந்த ஆரஞ்சு ஒட்டுத் துணி தெரிந்தது. வண்டியை அதன் பின்னால் நிறுத்தினேன்.

ஆயக்குடிப் பெண்ணின் கணவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் தாய், அருகே இருக்கையில் தூங்கும் பத்து மாதப் பெண் குழந்தை. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் காருக்குள் எட்டிப் பார்த்த என்னை அவர் மறித்தார்.

"ஏனுங்க, யாரு வேணும் உங்களுக்கு?"

"அந்தச் சீட்ல குழந்தையை வெக்காதீங்க. தயவுசெஞ்சு எறக்கிருங்க."

"ஏன், கண்ணு பட்டுருமாக்கும்?" என்றார். டீக்கடைக்காரரும் சிரித்தார்.

கைப்பேசியில் வந்ததைக் காட்டி, ஒட்டன்சத்திரத்துப் பெண்ணின் பெயரைச் சொன்னதும்தான் நம்பினார்கள். பை அடியில் கிடந்த போனைத் தாய் எடுத்துப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாலும், அவளுக்கு முழு சம்மதமில்லை.

"பழுதெல்லாம் இல்லீங்க சார். இதுக்கு ஒரு பக்குவம் இருக்குது. மொதல் தடவை அமுக்குனா புடிக்காது. கட்டை வெரலை அடியில குடுத்து, ரெண்டாவது தடவை அமுக்கோணும். சீட்டைக் குடுக்கறப்பவே அந்தக்கா சொல்லிக் குடுத்தாங்க. திண்டுக்கல்லுல யாரோ ஒரு சயின்சு வாத்தியாரு கண்டுபுடிச்சதாமா."

குனிந்து, கட்டை விரலை அடியில் கொடுத்து, இரண்டாவது முறை அழுத்தினேன். 'டிக்' என்றது. வாரை இழுத்தேன். பிடித்தது.

"பாத்தீங்களா, நல்லாத்தான இருக்குது" என்றார் கணவர்.

இருக்கையில் முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் வாரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். பக்கிள் இரண்டாகக் கழன்று கையோடு வந்தது. மறுபடி மாட்டி இழுத்தேன். மறுபடியும் வந்தது.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். தாய் குழந்தையின் முதுகில் கையை விரித்து அழுத்திக்கொண்டாள். பிறகு அவள்தான் கேட்டாள்.

"சார், அந்த வாத்தியாரை உங்களுக்குத் தெரியுமுங்களா? அவரு வீட்லயும் புள்ளைங்க இருக்குமில்லீங்க. இதே மாதிரி அமுக்கீட்டு இருக்கப்போறாரு. அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"நான்தாம்மா அந்த வாத்தியார்."

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"எத்தனை புள்ளைங்க சார் இதுல உக்காந்துச்சு?"

"உங்க பாப்பாவோட நாலு."

குழந்தையின் தலையைத் தடவினாள். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கணவர் இருக்கையைக் கழற்றி என் ஸ்கூட்டரின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். "நானும் கவனிச்சிருக்கோணுமுங்க. நீங்க மட்டுமில்ல" என்றார். அவள் பின்சீட்டில் தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு குழந்தையை மடியில் வைத்தாள். மடியும் பத்திரமில்லை என்று சொன்னேன். வேறு வழியும் இல்லை. மெதுவாகவே போவதாக அவர் சொன்னார். 4.20க்கு, 'வந்து சேந்துட்டோமுங்க' என்று அவளிடமிருந்து செய்தி வந்தது. அதுவரை, பள்ளிக்குத் திரும்பிய நான் வகுப்பில் என்ன பாடம் நடத்தினேன் என்பது நினைவில்லை.

மாலையில் 2015ஆம் வருட டைரியை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 'பக்கிள் முதல் அழுத்தலில் பிடிக்கவில்லை. கட்டை விரலை அடியில் கொடுத்து இரண்டாம் முறை அழுத்தினால் பிடிக்கிறது. இன்று கண்டுபிடித்தேன்.' பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வேறு. அந்தப் பக்கத்தில் பழுது என்ற சொல் எங்கேயும் இல்லை. முதல் அழுத்தலில் பிடிக்காத பக்கிளைக் கடையில் கண்டிருந்தால் வேறு கேட்டிருப்பேன். வீட்டுக்கு வந்துவிட்ட பொருள் என்பதால் சமாளிக்கக் கற்றுக்கொண்டேன். அந்தச் சாமர்த்தியத்தைத் தம்பி மகளுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அவள் நாத்தனாருக்கும், நாத்தனார் ஆயக்குடிக்கும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் கொண்டு போயிருக்கிறார்கள்.

இனி யாரும் உபயோகிக்காதபடி வார்களை வெட்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தது நிறுவனம். என் மனைவிக்கு மனம் வரவில்லை. "பரண்ல போட்டு வைங்க. பேரன் பெரியவனாகிப் பாக்கட்டும். யாரு அதை எடுக்கப் போறா?" என்றாள். எனக்கும் ஆசைதான். துணி மடிப்பில் அவன் தின்ற பிஸ்கட் தூள் இன்னும் இருந்தது. பால் கறை இருந்தது. அது அவனுடையதா, பின்னால் வந்த மூன்று பிள்ளைகளில் ஒன்றுடையதா என்று சொல்ல முடியவில்லை.

இன்றும் யாராவது ஒரு பொருளை நீட்டி, 'இதுக்கு ஒரு பக்குவம் இருக்கு' என்றால், 'அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க' என்ற அந்தப் பெண்ணின் குரல்தான் எனக்கு முதலில் கேட்கிறது. அந்த வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை, காலை 4.50க்கு எழுந்து, முகம் கழுவும் முன்பே தையல் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஐந்து வார்களையும் ஒவ்வொன்றாக வெட்டினேன்.